உயிரோடு இருப்பவளுக்கு ஓர் இறுதி ஊர்வலம்

எங்கள் பூதெம்போவில் ‘செத்த ஊர்’ என்று முழு அடைப்பு அறிவித்துவிட்டால் காக்கை குருவிகூட யோசித்துத்தான் பறக்கும். கடை திறக்காது, வண்டி ஓடாது. தெருவுக்குத் தெரு மரக்கட்டையும் டயரும் போட்டு மறித்துவிடுவார்கள். ஆயுதத்தோடு காட்டில் பதுங்கியிருக்கும் காட்டுக்காரர்கள் ஏதாவது ஒரு கிராமத்தில் புகுந்து ஆட்களை வெட்டிப்போட, அரசாங்கம் காதில் வாங்காமல் இருந்தால், எங்களுக்கு இருக்கும் ஒரே வழி இதுதான். எபோலா நோயைக் காரணம் காட்டித் தேர்தலில் எங்கள் ஓட்டையும் நிறுத்திய பிறகு இந்த மாதிரி நாட்கள் அதிகமாகிவிட்டன. நானும் எத்தனையோ தடவை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவள்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை ஊரோடு சேர்ந்து சாக எனக்கு நேரமில்லை.

என் பெயர் கஸ்வேரா. நர்ஸ் வேலை படித்தவள். எபோலா வந்த பிறகு தடுப்பூசி போடும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். எபோலாவை எதிர்க்க வெள்ளை வண்டிகளில் வந்து இறங்கிய கூட்டத்தை எங்கள் ஊர் ஒரே பெயரில் ‘ரிப்போஸ்த்’ என்று அழைக்கும். அதில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு பெயர் உண்டு: எபோலாவைத் தின்று கொழுக்கிறவர்கள். என் பக்கத்து வீட்டுக்காரி என் முகத்துக்கு நேராகவே சொல்வாள். நானும் சும்மா விடமாட்டேன். “ஆமா, உனக்கு ஒரு கவளம் வேணுமா?” என்று கேட்பேன்.

அன்று நான் ஊசி போடவேண்டிய இடம் கசீனி மேடு. அங்கேதான் கவுகோ அம்மாவின் வீடு. சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. அவருக்கு எபோலா என்று தெரிந்து சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோவதற்குள், வீட்டில் இருந்தவர்களும் சந்தைத் தோழிகளுமாக எத்தனையோ பேர் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள், துணியை அலசியிருந்தார்கள், பக்கத்தில் படுத்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் உடனே ஊசி போட்டாக வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் நோய்க்குத்தான் லாபம். ஆனால் நான் போனபோதெல்லாம் கதவைச் சாத்தினார்கள். ஒரு தடவை சோற்றுப் பானை கழுவிய தண்ணீரை என் காலில் ஊற்றினார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கவுகோ அம்மாவின் கணவரை மூன்று வருடத்துக்கு முன்னால் காட்டுக்காரர்கள் வயலில் வைத்தே வெட்டினார்கள். அன்றைக்கு ஒரு வெள்ளை வண்டியும் வரவில்லை. இப்போது ஒரு காய்ச்சலுக்கு உலகமே வந்து நிற்கிறது என்றால், மனுஷனுக்குச் சந்தேகம் வராதா?

கடைசியில் கவுகோ அம்மாவே வழி திறந்தார். மையத்தில் கொஞ்சம் தேறி உட்கார்ந்ததும் ஆள் மூலம் சொல்லியனுப்பினார், ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று. தலைவி சொல்லிவிட்டார். சரி, வியாழக்கிழமை வா என்றார்கள். புதன்கிழமை மாலை ‘செத்த ஊர்’ அறிவிப்பு வந்தது. எங்கள் குழுத் தலைவர் வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் கழுவினார். வெள்ளிக்கிழமைக்குள் கசீனி மேட்டுக்காரர்களின் மனசு மாறிவிடும் என்று எனக்குத் தெரியும். தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு முஹிந்தோவைக் கூப்பிட்டேன்.

முஹிந்தோ மோட்டார் பைக்கில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். வாய் மட்டும் இல்லையென்றால் தங்கமான பையன்.

“அக்கா, காலையில ரேடியோ கேட்டியா? நம்ம ஊரால உலகத்துக்கே ஆபத்தாம். வெளிநாட்டுக்காரனெல்லாம் தூங்கவே இல்லையாம்.”

“நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு.”

“இல்லக்கா, நம்மள வெட்டிப் போட்டப்பல்லாம் நல்லாத்தானே தூங்குனானுங்க. திடீர்னு என்ன ஆச்சுன்னு கேட்டேன்.”

முதல் தடுப்பில் என்னைத் தெரிந்த ஒருவர் இருந்ததால் விட்டார்கள். இரண்டாவதில் விடவில்லை. பெட்டியைப் பார்த்ததுமே ஒருவன் டயர் மேல் ஏறி நின்றுகொண்டான். “ரிப்போஸ்த்துக்கு வழி கிடையாது. நாளைக்குப் போட்டுக்க. எபோலா ஓடியா போயிடும்?” என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாதாடினேன், திட்டினேன், அவன் அம்மா பெயரைக் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

முஹிந்தோ பேசாமல் வண்டியைத் திருப்பி ஒரு சந்துக்குள் விட்டான். இறங்கிப்போய்த் தைலமரத்தில் இரண்டு கிளைகளை ஒடித்துவந்து பைக்கின் முன்விளக்குக்கு இரண்டு பக்கமும் கட்ட ஆரம்பித்தான். சாவுக்குப் போகும் வண்டிதான் எங்கள் ஊரில் இப்படிப் பச்சைக்கிளை கட்டிக்கொண்டு போகும். கிளையைப் பார்த்தால் வழிப்பறிக்காரன்கூட ஒதுங்கி நிற்பான்.

“டேய், என்னடா பண்றே?”

“இன்னிக்கு இந்த ஊர்ல பொணத்துக்கு மட்டும்தான்க்கா வழி.”

“பொணமே இல்லாம கிளை கட்டுறது பாவம்டா. அவுத்துப் போடு.”

“அவுத்துடறேன். நீ பெட்டியத் தலையில வெச்சுக்கிட்டு நடக்கிறியா?”

பெட்டியைப் பார்த்தேன். உள்ளே இருந்த ஐஸ் என் மனசாட்சிக்காகக் காத்திருக்காது. ஏறி உட்கார்ந்தேன்.

அதன்பிறகு ஒரு தடுப்பிலும் நிற்கவில்லை. எங்களைப் பார்த்ததும் கட்டையை இழுத்து வழிவிட்டார்கள். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். கரி விற்கும் ஒரு பெண் வாயில் கை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தெரிந்தவள் என்று நான் தலையசைத்துவிட்டு வந்தேன். அந்தத் தலையசைப்பு என்ன வேலை செய்தது என்று பிறகுதான் தெரிந்தது. எபோலா மையத்தில் வேலை செய்கிற கஸ்வேரா, கிளை கட்டிய வண்டியில் கசீனி மேட்டுப் பக்கம் போகிறாள். அந்த மேட்டிலிருந்து மையத்தில் படுத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். அந்தப் பெண் போனை எடுத்திருக்கிறாள். பைக்கை விட போன் வேகமாகப் போகும்.

நாங்கள் மேட்டில் ஏறும்போதே ஒப்பாரி கேட்டது. யார் வீட்டிலோ சாவு என்று நினைத்தேன். கவுகோ அம்மாவின் வாசலில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். முற்றத்தில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். சந்தைப் பெண்கள் தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

கவுகோ அம்மாவின் நாத்தனார் மசிக்கா எழுந்து ஓடிவந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். எபோலா வந்த பிறகு எங்கள் ஊரில் யாரும் யார் கையையும் தொடுவதில்லை. அவள் எனக்கு மூச்சு முட்டும்படி பிடித்திருந்தாள்.

“எங்கடி எங்க அண்ணி? நேத்து உட்கார்ந்து கஞ்சி குடிச்சாங்கன்னியே! எங்க பொதைச்சீங்க? யாரைக் கேட்டுப் பொதைச்சீங்க?”

“மசிக்கா, அவங்க சாகல. உயிரோட இருக்காங்க. காலையில நான் பார்த்துட்டுத்தான் வரேன்.”

“அப்ப அந்தக் கிளை?”

முஹிந்தோ முன்னால் வந்தான். “நான்தான் கட்டினேன் அம்மா. தடுப்புல விடல, அதான். பொணமெல்லாம் ஒண்ணும் இல்ல. சத்தியமா.”

உண்மையைத்தான் சொன்னான். அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. “பொணமில்லாம எவனாவது கிளை கட்டுவானா? எவ்வளவு குடுத்தாங்க உனக்கு, இப்படிச் சொல்ல?” என்று ஒரு கிழவி கேட்டாள். செத்தவரைச் செத்தார் என்று சொல்ல வந்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்ததும் பயந்து பேச்சை மாற்றுகிறோம் என்று அவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள்.

மையத்துக்குப் போன் போட்டேன். உள்ளே வேலை செய்யும் நர்ஸ் கஹம்பு எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். “கவுகோ அம்மாகிட்ட குடு, வீட்டுல பேசணுமாம்” என்றேன். “இப்ப தூங்குறாங்க அக்கா, நானும் பாதுகாப்பு உடையைக் கழட்டிட்டு வெளியில இருக்கேன், அப்புறமா...” என்றாள். மசிக்கா என் கையிலிருந்த போனைத் தட்டிவிட்டாள். “தூங்குறாங்களாம்! கேட்டீங்களா எல்லாரும்? தூங்குறாங்களாம்!” ஒப்பாரி இரண்டு மடங்கானது.

அப்போதுதான் கேட்டேன், “பலுக்கு எங்கே?” பலுக்கு கவுகோ அம்மாவின் மூத்த மகன். சட்டம் படிக்கிறவன். செத்த ஊர் அறிவிப்புகளில் கையெழுத்துப் போடும் இளைஞர்களில் ஒருவன்.

“பசங்களைத் திரட்டப் போயிருக்கான்” என்றாள் கிழவி. “தடுப்புக்குத் தடுப்பு ஆள் சேர்த்துக்கிட்டு, பெட்ரோலோட மையத்துக்குப் போறான். கொளுத்தட்டும். அது ஒழிஞ்சாத்தான் ஊரு உருப்படும்.”

ஏற்கெனவே ஒரு மையத்தைக் கொளுத்தியிருக்கிறார்கள். அதனால் எங்கள் மையத்து வாசலில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். பலுக்கு கல்லோடு போனால் சுடுவார்கள். சுடாவிட்டால் கொளுத்துவான். உள்ளே அவனுடைய அம்மாவே கையில் குளுக்கோஸ் ஊசியோடு படுத்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. நல்லவேளையாக முதலில் வாயை எட்டியது கோபம்தான்.

“நிறுத்துங்கடி!” என்று கத்தினேன். “என்ன ஜனங்க நீங்க? பொணத்தைப் பார்க்காமலே ஒப்பாரி வெக்கிறீங்க? எந்த ஊர்ல உண்டு இது? உங்க தலைவி செத்துட்டாங்கன்னா போய் உடம்பைக் கேளுங்க. வாங்க, நானும் வரேன். உடம்பைக் குடுன்னு நானும் உங்களோட நின்னு கேக்கிறேன்.”

அழுகை கொஞ்சம் அடங்கியது.

“அவங்க செத்திருந்தா என்னை என்ன வேணா பண்ணிக்குங்க. கையைக் கட்டி இழுத்துட்டுப் போங்க, நான் ஓட மாட்டேன். இந்தாங்க, பெட்டியும் உங்ககிட்டயே இருக்கட்டும்.” ஐஸ் பெட்டியை மசிக்காவின் காலடியில் வைத்தேன்.

மசிக்கா பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “தடுப்பெல்லாம் இருக்கே. இவ்வளவு பேரை எப்படி விடுவாங்க?”

“சாவு ஊர்வலத்தை எவன் நிறுத்துவான்?” என்றேன்.

இப்படித்தான், உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு நாங்கள் ஊர்வலம் கிளம்பினோம். முஹிந்தோ வண்டியை அணைத்து, கிளைகளோடு முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தான். பின்னால் நானும் மசிக்காவும். ஐஸ் பெட்டியை அவள் யாருக்கும் தரவில்லை. ஓடிவிடுவேன் என்ற பயத்தில் இரண்டு பெண்கள் என் இரண்டு பக்கமும் வந்தார்கள். எல்லார் கையிலும் பச்சைக்கிளை. பாடிக்கொண்டு நடந்தார்கள்.

சாவு நடை மெதுவான நடை. ஒரு அடி வைத்து, நின்று, ஒரு வரி பாடி, அடுத்த அடி. பலுக்கு எந்தத் தெருவில் போய்க்கொண்டிருக்கிறானோ என்று என் கால் பரபரத்தது. “கொஞ்சம் வேகமா நடங்களேன்” என்றேன். “செத்தவங்களுக்கு என்னடி அவசரம்?” என்று என் காவல்காரி அதட்டினாள். அதட்டு வாங்கிக்கொண்டே, பாட்டைக் கொஞ்சம் வேகமாக எடுத்துக் கொடுத்தேன். பாட்டு வேகமானதும் கால்களும் வேகமாயின. என்னைத் தடுத்து அனுப்பிய அதே பையன், டயர் மேல் ஏறி நின்றவன், கட்டையை இழுத்துப்போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தான். எனக்கு அவன் மண்டையில் ஒன்று போடவேண்டும் போல இருந்தது.

மையத்தின் வாசலை அடைந்தபோது பலுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. சிப்பாய்கள் கூட்டத்தைப் பார்த்ததுமே துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். நான் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு முன்னால் போனேன். உள்ளேயிருந்து பாதுகாப்பு அதிகாரி ஓடிவந்தார். தலைநகரத்துக்காரர். எங்கள் பாஷை தெரியாது, அவர் பாஷையில்தான் பேசவேண்டும்.

“என்ன கஸ்வேரா இது? கலவரமா?”

“பார்வையாளர் நேரம் சார். கவுகோ அம்மாவைப் பார்க்க வந்திருக்காங்க.”

“இத்தனை பேரா? ரெண்டு பேரை விடறேன்.”

“ரெண்டு பேர் பார்த்தா ரெண்டு பேர்தான் நம்புவாங்க. எல்லாரையும் விடுங்க. இல்லேன்னா பின்னால பெட்ரோலோட ஒரு கூட்டம் வருது, அவங்ககிட்ட நீங்களே விளக்கம் சொல்லுங்க.”

பெட்ரோல் என்ற வார்த்தை எந்தப் பாஷைக்காரருக்கும் புரியும். கதவு திறந்தது.

எங்கள் மையத்தில் நோயாளிகளின் அறைகளுக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சுவர். உறவுக்காரர்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், சின்ன ஒலிபெருக்கி வழியாகப் பேசலாம். எபோலா வந்தால் ஆளை இருட்டறையில் அடைத்து உறுப்பை எடுக்கிறார்கள் என்று கதை கட்டிய ஊரில், இப்படி ஒரு சுவர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பெண்கள் கிளைகளோடு வரிசையாக வேலியோரம் வந்து நின்றார்கள். பாட்டு தானாக நின்றுவிட்டது.

கவுகோ அம்மா சத்தம் கேட்டு விழித்திருந்தார். மஞ்சள் உடையில் இருந்த நர்ஸ் ஒருத்தி அவரைத் தாங்கி உட்காரவைத்தாள். முகம் பாதியாகியிருந்தது. கண் மட்டும் அதே கண். வேலியோரம் நின்ற தன் சந்தைத் தோழிகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். கிளைகளைப் பார்த்தார்.

“யாரு செத்தது?” என்று கேட்டார்.

கிழவி கிளையைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். “இது அவங்கதானா? வேற யாரையாவது உட்கார வெச்சிருந்தா?” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பித் திட்டப்போனேன். அதற்குள் ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

“மசிக்கா! அது என் துணிதானே நீ கட்டியிருக்கிறது?”

எல்லாரும் மசிக்காவைப் பார்த்தோம். மயில்நீலத்தில் பெரிய மஞ்சள் பூ போட்ட துணி. நல்ல நாளுக்கென்று கவுகோ அம்மா பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தது. துக்கத்துக்கு உட்காரும் முன்பே பெட்டியைத் திறந்துவிட்டாள் போல. மசிக்கா இடுப்பைக் கையால் மறைக்கப் பார்த்தாள்.

“அண்ணி... நீங்க போயிட்டீங்கன்னு சொன்னாங்க...”

“போயிட்டா என்ன? உடம்பு ஆறட்டும்னாவது இருந்தியாடி? எனக்கே இதுவரைக்கும் ஒரு தடவைதான் கட்டக் கிடைச்சது அது!”

முதலில் கிழவிதான் சிரித்தாள். பிறகு எல்லாரும். சிரித்துக்கொண்டே அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், கிளையால் ஒருத்தியை ஒருத்தி அடித்தார்கள். என் பக்கத்துக் காவல்காரிகள் இருவரும் என்னை மறந்தே போனார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நிம்மதியை அனுபவிக்கவும் நேரமில்லை. வெளியே கூச்சல் எழுந்தது. முதல் கல் தகரக் கூரையில் விழுந்தது.

திரும்பிப் பார்த்தால் வாசலுக்கு வெளியே நாற்பது ஐம்பது இளைஞர்கள். முன்னால் பலுக்கு, கையில் மஞ்சள் கேன். சிப்பாய்கள் மண்டியிட்டுக் குறிபார்த்தார்கள். நான் ஓடினேன். என்னை முந்திக்கொண்டு மசிக்கா ஓடினாள். பின்னால் எல்லாப் பெண்களும். துப்பாக்கிக்கும் கல்லுக்கும் நடுவில் போய் வரிசையாக நின்றார்கள்.

“ஒதுங்குங்க அத்தை” என்றான் பலுக்கு. அவன் குரல் அழுது உடைந்திருந்தது.

“உங்கம்மா உயிரோட இருக்காடா. இப்பதான் என்னைத் திட்டினா.”

“உங்களையும் வாங்கிட்டாங்களா? ஒதுங்குங்க!”

அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். கிழவி இடுப்புத் துணியின் முடிச்சில் கையை வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் வைத்தாள். மசிக்கா வைத்தாள். வரிசை முழுக்க எல்லார் கையும் முடிச்சுக்குப் போயிற்று.

எங்கள் ஊரில் பிறந்த எந்த ஆண்மகனுக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. தாய்மார்கள் வேண்டுமென்றே அவிழ்த்துக் காட்டும் உடம்பைப் பார்த்தவனுக்கு மண்ணில் விளைச்சல் கிடையாது, வம்சம் கிடையாது. கழுவினாலும் போகாத சாபம் அது. கல்லை ஓங்கி நின்றவர்கள் அப்படியே முகத்தைத் திருப்பினார்கள். சிலர் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எங்கள் பாஷை தெரியாத அந்த அதிகாரிகூடச் சுவரைப் பார்த்து நின்றார்.

“கேனைக் கீழ வெச்சுட்டு நீ மட்டும் வா” என்றாள் கிழவி. “வந்து பாரு. பொய்யா இருந்தா நானே கொளுத்தறேன்.”

பலுக்கு தலை குனிந்தபடியே கேனை வைத்தான். அவனை நான்தான் வேலிக்கு அழைத்துப் போனேன். அம்மாவைப் பார்த்ததும் வேலியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

கவுகோ அம்மா அவனைக் கொஞ்சவில்லை. “கொளுத்த வந்தியாமே?” என்றார்.

“நீங்க செத்துட்டீங்கன்னு நெனச்சேம்மா.”

“சரி. நான் செத்துட்டேன்னே வெச்சுக்க.” மூச்சு வாங்கியது. நர்ஸ் போதும் என்று கை காட்டினாள். அவர் கேட்கவில்லை. “அடுத்த அறையில ஒரு பச்சப்புள்ள கெடக்கு. அது அம்மா நேத்து போயிட்டா. ராத்திரியெல்லாம் அழுதுச்சு. எழுந்து போய்த் தூக்கக்கூட எனக்குத் தெம்பில்ல. அது உனக்கு என்னடா பண்ணுச்சு?”

பலுக்கு அடுத்த அறையைப் பார்த்தான்.

“உங்கப்பாவை வயல்ல வெட்டினவங்களும் இப்படித்தான், எதிர்ல நிக்கிறது யாருன்னு கேக்கல” என்றார் அவர்.

அதற்குப் பிறகு பலுக்கு எங்கள் முன்னாலேயே குழந்தை மாதிரி அழுதான். எனக்கு அவன் மேல் அதுவரை இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஆனாலும் வேலை வேலைதானே. மசிக்காவிடமிருந்து பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தேன். குளிர் குறையவில்லை. கஹம்புவையும் இன்னும் இருவரையும் கூப்பிட்டு அந்த இடத்திலேயே மேசை போடச் சொன்னேன்.

“யாரும் போகக் கூடாது” என்று ஒலிபெருக்கியில் கவுகோ அம்மா சொன்னார். “எனக்கு அழ வந்தவங்க எல்லாரும் கையை நீட்டுங்க. நான் பார்க்கணும்.”

வரிசையாக வந்து கையை நீட்டினார்கள். முதலில் மசிக்கா. ஊசி இறங்கும்போது அவள் போட்ட சத்தம் ஒப்பாரியைவிடப் பெரிதாக இருந்தது. பலுக்கு வரிசையில் நின்றான். அவனுடைய ஆட்களில் சிலரும், அம்மாவின் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள், தாங்களாகவே வந்து நின்றார்கள். முஹிந்தோவை மட்டும் யாரோ இரண்டு பேர் ஓரமாக அழைத்துப்போய் நாலு அடி போட்டு அனுப்பினார்கள். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். அது அவனுக்கு வேண்டியதுதான்.

கிளம்பும்போது கவுகோ அம்மா மசிக்காவை மறுபடி கூப்பிட்டார். துணியைத்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தோம்.

“ஒருவேளை நான் நெஜமாவே போயிட்டா, என்னைக் குளிப்பாட்டணும்னு அடம் பிடிக்காத. உன் கையாலதான் போகணும்னு எனக்கும் ஆசைதான். வேணாம். இந்த மஞ்சள் உடைப் பொண்ணுங்க தூக்குறதை நான் பார்த்திருக்கேன். பக்குவமாத்தான் தூக்குறாங்க.”

மசிக்கா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். குளிப்பாட்டுவது நாத்தனாரின் உரிமை. அதை விட்டுக்கொடுக்கிறவள் பிறகு ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

“சொன்னதைக் கேளுடி. கஸ்வேரா, அப்படி ஒண்ணு நடந்தா நீயே போய்ச் சொல்லு. வேற எவன் சொன்னாலும் இவங்க நம்பக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் கவுகோ அம்மா இறந்துபோனார். தேறிவந்த உடம்பு ஒரே ராத்திரியில் கவிழ்ந்துவிட்டது. இந்த நோய் அப்படித்தான், கை கொடுப்பது போல வந்து காலை வாரும். கஹம்பு வெளியே வந்து முகமூடியைக் கழற்றியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கசீனி மேட்டுக்கு நடந்தே போனேன். வண்டி ஓடும் நாள்தான். ஏறத் தோன்றவில்லை.

வாசலில் பலுக்கு நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

“கடைசியா என்ன சொன்னாங்க?” என்று கேட்டான்.

ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் இந்த வீட்டு வாசலில் ஒரு பொய்க்கிளை ஏற்கெனவே செய்த வேலையைப் பார்த்தவள் நான்.

“ஒண்ணும் சொல்லல தம்பி. தண்ணி கேட்டாங்க. குடிச்சாங்க. அப்புறம் பேச்சு இல்ல.”

அவன் நம்பினான். உள்ளே போய் அவனே மற்றவர்களிடம் சொன்னான்.

அடக்கத்துக்கு எல்லாரும் வந்தார்கள். மசிக்கா துவைத்து மடித்த மயில்நீலத் துணியைக் கொண்டுவந்து, தொடாமல், அடக்கக் குழுவிடம் கொடுத்து மேலே போர்த்தச் சொன்னாள். பலுக்கு அவர்களைப் போலவே மஞ்சள் உடை போட்டுக்கொண்டு சவப்பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தான். அவன் தோழர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு கல்லும் விழவில்லை.

மறுநாள் காலையில் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு நான் கசீனி மேட்டுக்குப் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். இந்த நோய் மூன்று வாரம்வரை உள்ளே ஒளிந்திருக்கும், அதனால் மூன்று வாரமும் ஒரு நாள் விடாமல் போனேன். நடுவில் இரண்டு ‘செத்த ஊர்’ நாட்கள் வந்தன. மையத்துக்குப் போகும் தெருவில் மட்டும் தடுப்பு போடக் கூடாது என்று பலுக்குவின் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் மசிக்காவுக்குக் காய்ச்சல் அடித்தது. நான் போவதற்குள் அவளே எழுந்து, ஒருவரும் பக்கத்தில் வராதீர்கள் என்று கத்திக்கொண்டே, மையத்து வாசலுக்கு வந்து நின்றாள். அவளுக்குக் கிடைத்தது அந்தப் பச்சைக் குழந்தைக்கு அடுத்த அறை. இரண்டு பேரும் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். குழந்தையைக் கேட்டு ஒருவரும் வராததால் மசிக்காதான் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் ஊரைப் பற்றி ரேடியோ பயமுறுத்திக்கொண்டேதான் இருந்தது. பக்கத்துக் குன்றுகளில் எத்தனையோ பேரை மண்ணுக்குக் கொடுத்தோம். ஆனால் அன்றைக்கு உயிரோடு இருப்பவளுக்காக அழுதுகொண்டு நடந்த கூட்டத்தில் ஒருவரையும் நாங்கள் புதைக்கவில்லை.